போகத்தைக் கொப்பி எடுத்தால் பழைய ஏக்கரும் சேர்ந்து மாறுது

கேள்வி (கிளிநொச்சி)
பைதனில இரணைமடுக் குளத்து நீர் விநியோகக் கணக்கு எழுதுறன். 'போகம்' ஒப்ஜெக்டுக்குள்ள பெயரும் வாய்க்கால் லிஸ்டும்; வாய்க்காலுக்கு வாய்க்கால் ஏக்கர். காலபோகத்தைக் கொப்பி.கொப்பி() போட்டு எடுத்து, பெயரைச் சிறுபோகம் எண்டு மாத்தினன், அது சரி. முதல் வாய்க்காலை 120 ஏக்கரிலயிருந்து 40 ஆக்கினா காலபோகத்திலயும் 40 எண்டு நிக்குது. லிஸ்டுக்கு [:] போட்டும் சரிவரேல்லை. ஏன் அண்ணை?

பதில் (வவுனியா)
கொப்பி.கொப்பி() வெளி ஒப்ஜெக்டை மட்டும்தான் புதுசாக்கும். உள்ளுக்கிருக்கிற லிஸ்ட் பழசு, ரெண்டு போகத்துக்கும் அது பொது. பெயர் பிழைக்கேல்லை, ஏனெண்டா அங்க வேற சொல்லை வைச்சீங்கள். ஏக்கரில, இருக்கிற வாய்க்காலுக்குள்ளயே போய்த் திருத்தினீங்கள். [:] போட்டா லிஸ்ட் புதுசு. வாய்க்காலைக் கூட்டினாலும் குறைச்சாலும் பழசைத் தொடாது. ஆனா வாய்க்கால்கள் அதேதான். இதை ஓட விட்டுப் பாருங்கோ:

பழசு.வாய்க்கால்கள்[0] இஸ் புதுசு.வாய்க்கால்கள்[0]

ரெண்டும் அதே வாய்க்கால் எண்டதால ட்ரூ வரும். உள்ளுக்கிருக்கிறதையும் சேர்த்துப் புதுசாக்கிற கொப்பி.டீப்கொப்பி(பழசு) எண்டு எடுத்தா ஃபோல்ஸ் வரும்.

பதில் (முல்லைத்தீவு)
டீப்கொப்பியோட விட்டுடாதேங்கோ. வாய்க்காலுக்குள்ள 'குளம்' ஒப்ஜெக்டும் இருந்தா அது ரெண்டாவது இரணைமடுவைக் கட்டிப்போடும். ஒண்டில நீர்மட்டம் 30 அடி எண்டு பதிஞ்சா மற்றப் போகத்துக்குத் தெரியாது. பிழை எண்டு ஒரு வரியும் வராது, தண்ணிக் கணக்குத்தான் பிசகும். குளம் ஒண்டுதான், அதின்ர கிளாஸில __டீப்கொப்பி__(செல்ஃப், மெமோ) எண்ட மெதட்டை எழுதி, உள்ளுக்கு ரிட்டர்ன் செல்ஃப் மட்டும் போடுங்கோ. அதை எழுதாட்டிலும் 20 வாய்க்காலுக்கு 20 குளம் வராது, ஒரு புதுக் குளம்தான் வரும்: டீப்கொப்பி தான் எடுத்த கொப்பியை மெமோ எண்ட குறிப்பில குறிச்சு வைச்சு அதையே திரும்பக் குடுக்கும். குளமும் வாய்க்காலும் ஒண்டையொண்டு காட்டினாலும் சுத்திக்கொண்டு நிக்காததுக்கும் அந்த மெமோதான் காரணம்.

கேள்வி (கிளிநொச்சி)
குளம் சரி. இப்ப டீப்கொப்பி எடுக்கேக்க டைப்எரர் வருது. போகத்துக்குள்ள எஸ்கியூலைட் தரவுத்தள இணைப்பும் இருக்கு.

பதில் (வவுனியா)
அதுதான். திறந்த இணைப்பைக் கொப்பி எடுக்க ஏலாது, திறந்த ஃபைலும் அப்பிடித்தான். இணைப்பைப் போகத்திலயிருந்து எடுத்து, சேமிக்கிற ஃபங்ஷனுக்குக் குடுங்கோ. போகத்துக்குள்ள அதுக்கு வேலையே இல்லை. ஜாவாவுக்குப் போனாலும் ஒப்ஜெக்ட் கிளாஸின்ர குளோன்() மேலோட்டமாத்தான் எடுக்கும்; வாய்க்காலுக்குக் கொப்பி கன்ஸ்ட்ரக்டர் எழுதி ஒவ்வொண்டாப் புதுசாக்க வேணும்.