தராசைத் தூக்கிக்கொண்டு போனால் யாரைக் கேட்பது, மேயரையா போலீஸையா?

பழவண்டி மகள்:

வேலூர்க்காரர்கள் யாராவது விவரம் சொன்னால் நன்றாக இருக்கும். எங்கள் நைனா காந்தி ரோடு பக்கம் 23 வருஷமாகத் தள்ளுவண்டியில் கொய்யாவும் வாழைப்பழமும் விற்கிறார். லாட்ஜுகளில் தங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் கொல்கத்தாக்காரர்கள், வங்கதேசத்துக்காரர்கள்தான் பெரும்பாலும் வாடிக்கை. அவர்கள் "கொத்தோ?" என்று கேட்டால் இவரும் பெங்காலியிலேயே விலை சொல்வார். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி.

போன மாதம் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு ஒரு காவலர் பைக்கில் வந்தார், வண்டியில் இருந்த எலக்ட்ரானிக் தராசைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வண்டியை நகர்த்து என்றுகூடச் சொல்லவில்லை. ரசீதும் இல்லை, வழக்கும் இல்லை. வாழைப்பழத்தை டஜன் கணக்கில் கொடுத்துவிடலாம், கொய்யாவை எப்படிக் கொடுப்பது? 20 கிலோவுக்கு மேல் அப்படியே நின்றுவிட்டது. சாயங்காலத்துக்குள் பாதி கனிந்துவிட்டது. அன்றைய சரக்குக்கு நைனா காலையில் 2,700 ரூபாய் கைமாற்று வாங்கியிருந்தார். இருட்டுவதற்குள் 3,000 ஆகத் திருப்ப வேண்டும். கொய்யா விற்றாலும் விற்காவிட்டாலும் அந்த 300 ரூபாய் வட்டி வட்டிதான்.

மறுநாள் ஸ்டேஷன் வாசலில் மூன்று மணி வரை உட்கார்ந்து, 500 ரூபாய் கொடுத்துத் தராசை வாங்கி வந்தார். மேல்தட்டைக் காணோம். இப்போது வீட்டு எவர்சில்வர் தாம்பாளத்தை வைத்துத்தான் நிறுக்கிறார். தாம்பாளத்தின் எடையைக் கழிக்க ஒவ்வொரு தடவையும் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தும்போது வாங்க வந்தவர் அவர் விரலையே சந்தேகமாகப் பார்க்கிறார். 23 வருஷம் எடையில் ஒரு பேச்சு வாங்காதவர் அவர். எனக்கு அந்த 500 ரூபாயைவிட இதுதான் தாங்கவில்லை.

வண்டிக்கு நாலு கடை தள்ளி, லாட்ஜுக்கு வந்த கார்கள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. நான் பார்த்த வரைக்கும் அவற்றின் மேல் ஒரு விரல்கூடப் பட்டதில்லை.

நியூயார்க் மேயர் தேர்தலைப் பற்றி நிறைய வீடியோ பார்த்தேன். 2025 நவம்பரில் ஜெயித்த மம்தானி, தெருவில் சாப்பாட்டு வண்டி போடுபவர்களிடம் நேரில் போய்ப் பேசி ஒரு வீடியோ போட்டிருந்தார். அங்கே வண்டிக்கு உரிமம் கொடுக்க மாநகராட்சி வாங்குவது சில நூறு டாலர்தான். உரிமம் எளிதில் கிடைக்காததால், வைத்திருப்பவரிடம் வாடகைக்கு எடுக்க இருபதாயிரம் டாலர் வரை போகிறதாம். வாடகை, பஸ் கட்டணம், போலீஸ் மூன்றையும் ஒரே மேடையில் வைத்து அங்கே விவாதம் செய்கிறார்கள். நம் ஊரில் மாநகராட்சித் தேர்தல் என்றால் சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர் இவ்வளவுதான் பேசுகிறோம். அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் போலீஸைப் பற்றி நான் என்ன கேட்க முடியும்?

சத்துவாச்சாரி வக்கீல்:

அம்மா, முதலில் ஒரு கசப்பான விஷயம். நியூயார்க்கில் போலீஸ் கமிஷனரை நியமிப்பது மேயர். வேலூர் மேயரால் ஒரு கான்ஸ்டபிளைக்கூட மாற்ற முடியாது. அரசியலமைப்பில் காவல்துறை மாநிலப் பட்டியலில், அதாவது மாநில அரசின் கையில், இருக்கிறது. 74ஆவது திருத்தம் நகராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று வகுத்த 18 வேலைகளில் காவல் இல்லை. வேலூருக்கு 2008இல் மாநகராட்சி வந்தது, ஆனாலும் இங்கே போலீஸ் கமிஷனரேட் கிடையாது. மாவட்ட எஸ்.பி.தான்.

அதற்காகக் கவுன்சிலரிடம் கேட்க ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். 2014ஆம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. மாநகராட்சி கொடுக்கும் விற்பனைச் சான்றிதழை வைத்துக்கொண்டு அதன் நிபந்தனைப்படி விற்பவரைப் போலீஸோ வேறு எந்த அதிகாரியோ தடுக்கக் கூடாது என்று அதன் 27ஆம் பிரிவு சொல்கிறது. அந்தச் சட்டப்படி சரக்கை எடுப்பதென்றால் எடுக்க வேண்டியது மாநகராட்சி, அதுவும் பட்டியல் போட்டு நகல் கொடுத்து. கேட்டுப் போனால் அழுகும் பொருளை அன்றைக்கே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். சான்றிதழ் யாருக்கு, எந்த இடத்தில் என்பதில் ஆலோசனை சொல்ல நகர விற்பனைக் குழு. மாநகராட்சி ஆணையர் அதன் தலைவர், போலீஸும் உறுப்பினர். குறைந்தது நாற்பது சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

சான்றிதழ் இல்லாவிட்டால் நிலைமை வேறு. பொதுவழியை மறித்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 200 ரூபாய் வரைதான் அபராதம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 285ஆம் பிரிவின்படி 5,000 வரை போடலாம். முதல் நாளே டெல்லி ரயில் நிலையத்தின் பக்கத்தில் ஒரு தெரு வியாபாரி மேல் வழக்குப் பதிந்தது செய்தியானது. உங்கள் நைனாவுக்கு 5,000 என்றால் எத்தனை நாள் வருமானம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

அம்மாவுக்கு வீல்சேர்:

நான் வேறு பக்கம் பேசுகிறேன், கோபப்பட வேண்டாம். என் அம்மாவை வாரம் இரண்டு தடவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறேன். ஆட்டோ உள்ளே நுழைய முடியாமல் தள்ளி இறக்கிவிட்டு, வீல்சேரை வண்டிகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போவது எவ்வளவு கஷ்டம் என்று தள்ளினால்தான் தெரியும். நடைபாதை என்று ஒன்று இருந்ததே மறந்துவிட்டது. ஏழை என்பதற்காக எல்லா வண்டியையும் அப்படியே விட்டுவிட்டால், நோயாளி எங்கே போவார்?

ஓய்வு பெற்ற ஏட்டு:

36 வருஷம் சர்வீஸ். அந்தப் பொண்ணு எழுதியது பொய் இல்லை, எனக்கே தெரியும். நான் வேலை பார்த்த இடத்தில் எப்படி நடந்தது என்று சொல்கிறேன். மாதக் கடைசியில் பெட்டி கேஸ், அதாவது சில்லறை வழக்குகளின் கணக்கு குறைந்தால் வயர்லெஸ் மைக்கில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி திட்டு விழும். அப்போது கான்ஸ்டபிள் யாரைப் பிடிப்பான்? லாட்ஜ் முன்னால் நிற்கிற காரைத் தொட்டால் பத்து நிமிஷத்தில் போன் வரும். தள்ளுவண்டிக்காரனுக்காக யார் போன் பண்ணப் போகிறார்கள்? ஒரு மனுஷனுடைய தைரியம் அவனுக்கு மேலே இருப்பவரைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

அந்தக் கான்ஸ்டபிளையும் கொஞ்சம் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 18,200இல் தொடங்குகிறது. வார விடுமுறை தர வேண்டும் என்று 2021இல் அரசு உத்தரவே போட்டது. பந்தோபஸ்து என்றால் அது பறந்துவிடும். ஆர்டர்லி என்று அதிகாரி வீட்டில் வேலை பார்க்கிற பழக்கத்தை ஒழிக்கச் சொல்லி 2022இல் ஹைகோர்ட்டே கண்டித்தது. மேலே அவமானப்பட்டவன் கீழே வந்து காட்டுகிறான். இதைச் சரி என்று சொல்லவில்லை. 500 ரூபாய் வாங்கியவன் வாங்கியவன்தான்.

பழவண்டி மகள்:

வீல்சேர் அக்கா, அல்லது அண்ணா, உங்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எங்கள் ஆயாவையும் அதே தெருவில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம். ஆனால் தராசைத் தூக்கியதால் உங்களுக்கு ஓர் அடி வழிகூடக் கிடைக்கவில்லையே. வண்டி அங்கேயேதான் நின்றது, மறுநாளும் நின்றது. வழி வேண்டுமென்றால் இங்கே நில், இங்கே நிற்காதே என்று தரையில் கோடு போட்டுக் காட்டட்டும். நைனா கோட்டுக்கு உள்ளே நிற்பார். கோடு இல்லாததால்தான், யார் எங்கே நிற்கலாம் என்பது அன்றைக்கு வருகிற காவலரின் மனசைப் பொறுத்துப் போகிறது. அந்தக் கோடு காருக்கும் சேர்த்துத்தான்.

ஏட்டய்யா, நீங்கள் உள்ளதைச் சொன்னதற்கு நன்றி. ஒன்று கேட்கிறேன். நைனா ஏன் அன்றைக்கு வாயே திறக்கவில்லை என்று நான் சண்டை போட்டேன். அம்மா என்னை அடக்கினார். "சாத்தான்குளத்துல என்ன ஆச்சு, மறந்துட்டியா?" என்றார். 2020 ஜூனில், ஊரடங்கில் செல்போன் கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்திருந்தார்கள் என்ற பேச்சில்தான் அது ஆரம்பித்தது. போலீஸ் பிடித்துக்கொண்டு போன அப்பா, மகன் இரண்டு பேருமே உயிரோடு வீடு திரும்பவில்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் நடந்ததை நினைத்து, வேலூரில் ஒரு பழவண்டிக்காரர் தராசு போனாலும் பேசாமல் நிற்கிறார். இந்தப் பயத்தோடு புகார் கொடுக்கச் சொன்னால் யாரிடம் கொடுப்பது? கான்ஸ்டபிள் மேல் புகாரை அதே ஸ்டேஷனிலா?

சத்துவாச்சாரி வக்கீல்:

சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் ஏழு உத்தரவுகள் போட்டது. அதில் ஒன்று, போலீஸ் மேல் வரும் புகார்களை விசாரிக்க மாவட்ட அளவிலும் மாநில அளவிலும் தனி ஆணையம். மாவட்டத்துக்கு ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி, மாநிலத்துக்கு ஓய்வு பெற்ற உயர்நீதிமன்ற அல்லது உச்சநீதிமன்ற நீதிபதி தலைமை தாங்க வேண்டும். தமிழ்நாடு 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலர் தலைவர், மாவட்டத்துக்குக் கலெக்டர் தலைவர், எஸ்.பி.யே உறுப்பினர். ஸ்டேஷனைப் பற்றிய புகாரை ஸ்டேஷனுக்கு மேலே இருப்பவரே கேட்கிறார். இதை எதிர்த்து ஹைகோர்ட்டில் வழக்கும் போனது. சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இதைக் கேளுங்கள். மாநகராட்சித் தேர்தலில் தரையில் கோடு போடுவதையும் சான்றிதழையும் பற்றிக் கேளுங்கள். கேள்வி ஒன்றுதான், வாசல் இரண்டு.

இப்போதைக்கு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள். மனுவில் தேதி, நேரம், தட்டு காணாமல் போனது எல்லாம் எழுதுங்கள். மனு எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள். உங்கள் நைனாவிடம் மாநகராட்சி கொடுத்த சான்றிதழ் இருக்கிறதா?

அம்மாவுக்கு வீல்சேர்:

அக்காதான். கோடு போடச் சொல்லி மனு எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். அம்மாவையும் போடச் சொல்கிறேன்.

பழவண்டி மகள்:

அக்கா, நிஜமாகவே வாருங்கள். வீல்சேரில் உட்கார்ந்திருப்பவரும் வண்டிக்காரரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால், அதை ஒதுக்கி வைப்பது கஷ்டம்.

வக்கீல் சார், டிரங்குப் பெட்டியைக் கிளறினேன். ரேஷன் கார்டு உறைக்குள் ஓர் அட்டை இருக்கிறது. நைனாவின் பழைய போட்டோ ஒட்டியிருக்கிறது, தலை முழுக்கக் கறுப்பு முடி. 'அடையாள அட்டை' என்று இருக்கிறதே தவிர, சான்றிதழ் என்று எங்கேயும் இல்லை. இடம் என்று போட்ட கட்டத்தில் ஒன்றுமே எழுதவில்லை. காலியாக விட்டிருக்கிறார்கள். இது போதுமா, இல்லை வேறு வாங்க வேண்டுமா? திங்கட்கிழமை காலையில் நைனா மண்டிக்குப் போகாமல் என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.