கொட்டகைக்குள் ஹாக்கி: தூணையும் தூசியையும் வைத்துக்கொண்டு எப்படி ஆடுவது?

வலதுவிங்:
தானியம் ஏற்றி அனுப்பிவிட்டால் நண்பனின் கொட்டகை அடுத்த அறுவடை வரை காலிதான். சிமெண்ட் தரை, 25 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். ஒரு சுவரிலிருந்து நாலு மீட்டர் தள்ளி நீளவாக்கில் இரும்புத் தூண்கள். எட்டுப் பேர் கூடுகிறோம், எல்லோரும் வெளி மைதானத்தில் ஆடிப் பழகியவர்கள். ஆனால் உள்ளே வந்தால் ஆட்டம் கூடி வரமாட்டேன் என்கிறது. அடித்த பந்து தகரச் சுவரில் பட்டு எங்கோ தெறிக்கிறது. பாதி நேரம் வைக்கோலுக்குள் தேடுவதிலேயே போகிறது. கோல்கீப்பர் கவசம் யாரிடமும் இல்லை. டென்னிஸ் பந்து ரொம்பத் துள்ளுகிறது. விட மனமில்லை. விதிகளை எப்படி மாற்றிக்கொள்ளலாம்?

பழையடிஃபெண்டர்:
முதலில் அடிப்பதை விடுங்கள். உள்ளரங்க ஹாக்கியில் ஸ்டிக்கை ஓங்கி அடிக்கவே கூடாது. புஷ் (ஸ்டிக்கைப் பந்தோடு ஒட்டித் தள்ளுவது), ஃப்ளிக் (தள்ளும்போதே சுண்டி எழுப்புவது), ஸ்கூப் (ஸ்டிக்கைப் பந்துக்கு அடியில் வைத்துத் தூக்குவது) மட்டும்தான். பந்தைத் தரையிலிருந்து எழுப்பவும் கூடாது, வட்டத்துக்குள்ளிருந்து (கோலுக்கு முன்னால் வரையும் வளைகோட்டுக்குள்ளிருந்து) கோலை நோக்கி அனுப்பும்போது மட்டும் அனுமதி. கவசம் போட்ட கோல்கீப்பர் இல்லாததால் நீங்கள் அந்த அனுமதியையும் எடுத்துவிடுங்கள். ஒரு மீட்டர் அகலத்தில் சின்னக் கோல், பந்து உருண்டு போனால்தான் கணக்கு. வட்டம் 9 மீட்டர் ஆரம் என்பது 44-க்கு 22 மீட்டர் களத்துக்கானது. உங்களுக்கு 4 மீட்டர் போதும்.

அடுத்தது ஓரச் சட்டம். இந்த ஆட்டத்தின் உயிரே அதுதான் என்பேன். பக்கக் கோடு முழுவதும் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மரச்சட்டம் போடுங்கள். பந்து வெளியே போகாது என்பது சின்ன லாபம். முன்னால் ஒருவர் வழிமறித்து நிற்கிறார், நேராகப் பாஸ் கொடுக்க இடமில்லை என்று வையுங்கள். சட்டத்தில் சாய்வாகப் புஷ் செய்தால், போன சாய்விலேயே மறுபக்கம் திரும்பி, அவர் முதுகுக்குப் பின்னால் ஓடும் உங்கள் ஆளிடம் போய்ச் சேரும். அதைத் தடுக்க அவர் நன்றாகக் குனிந்து, ஸ்டிக்கைத் தரையோடு தரையாகப் படுக்க வைக்க வேண்டும். முழங்காலைத் தரையில் ஊன்றக் கூடாது. இடக்கை விரல் முட்டி சிமெண்டில் உரசும், கையுறை கட்டாயம்.

தூண் வரிசையை ஒட்டியே ஒரு பக்கச் சட்டத்தைப் போட்டுவிடுங்கள். எட்டு மீட்டர் அகலம் கிடைக்கும். மூன்றுக்கு மூன்று ஆடி, இருவர் மாறி மாறி இறங்கலாம்.

தூசிக்காரன்:
அண்ணன் சொன்னதில் தூண் விஷயம் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சட்டத்தை ஒட்டித் தூண் நின்றால், ஓரத்தில் பந்தைத் துரத்துபவர் தலை குனிந்தபடியே போய் இடிப்பார். தூணுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு மீட்டராவது விடுங்கள், அப்படியும் தூணில் தோள் உயரம் வரை பழைய மெத்தையைச் சுற்றிக் கட்டுங்கள்.

வைக்கோல் கட்டுகளை ஓரத்தில் அடுக்கவே வேண்டாம். பந்து அதில் பட்டதும் செத்துவிடும், தூசியும் கிளம்பும். பூஞ்சை பிடித்த வைக்கோல் தூசி நுரையீரலுக்கு உண்மையிலேயே கெடுதல். முந்தின நாளே லேசாகத் தண்ணீர் தெளித்துக் கூட்டி, இரண்டு பக்கக் கதவையும் திறந்து தரையை நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் கால் வழுக்கும். அப்புறம் ஸ்டிக்கின் அடி விளிம்பில் டேப் ஒட்டுங்கள், சிமெண்ட் அதைச் சீக்கிரம் தேய்த்துவிடும்.

வலதுவிங்:
ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும். அடிப்பதை நிறுத்தினால் வேகம் போய்விடுமோ என்று நண்பர்கள் தயங்குவார்கள். ஆனால் சட்டத்தில் தட்டி ஆடுவதைப் படித்ததுமே எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஏழு மீட்டர் அகலமே வைத்துக்கொள்கிறோம். மரம் இருக்கிறது, இந்த வாரமே அறுக்கப் போகிறோம். சட்டத்தின் உள்முகம் செங்குத்தாக இருக்கலாமா?

பழையடிஃபெண்டர்:
களத்தின் பக்கம் ஒரு சென்டிமீட்டர் சாய்த்து அறுங்கள் தம்பி, அதாவது மேல்விளிம்பு உள்ளே நீட்டியிருக்க வேண்டும். பந்து ஏறிக் குதிக்காமல் தரையிலேயே திரும்பும். இரண்டு சட்டம் சேரும் இடத்தில் இடைவெளி விடாதீர்கள், பந்து அங்கே பட்டால் திசை மாறிவிடும்.