ஒலிம்பியாட் கணக்கு எடுக்கும் ஆசிரியர்கள், ஒரு யோசனை சொல்லுங்கள்

வணக்கம். ஒன்பது, பத்தாம் வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் சிலரை கணித ஒலிம்பியாட் போட்டிக்குத் தயார் செய்கிறேன். வழக்கமான பாடவேளைகள் முடிந்த பிறகுதான் இந்த வகுப்பு.

முதல் கட்டத் தேர்வான ஐஓக்யூஎம் (IOQM) பரவாயில்லை. 30 கேள்வி, விடை எல்லாம் முழு எண், சட்டென்று திருத்திவிடலாம். அடுத்த கட்டத் தேர்வான ஆர்எம்ஓ (RMO, வட்டார ஒலிம்பியாட்) பயிற்சிதான் ஆளைச் சாய்க்கிறது. ஆறே கணக்கு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் நிரூபணம் வேண்டும். போன வாரம் ஒரு பெண் வட்ட நாற்கரக் கணக்கை நான் யோசித்தே பார்க்காத வழியில் மூன்று பக்கத்துக்குப் போட்டிருந்தாள். எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று வரிவரியாகப் பார்த்து முடிக்க நடுராத்திரி ஆகிவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் மறுநாள் காலை எட்டாம் வகுப்பில் வாய் திறக்கவே தெம்பில்லை. இதில் "மிஸ், இன்னொரு தாள் அனுப்புங்க" என்று வாட்ஸ்அப் வேறு.

"நல்லாப் படிக்கிற பிள்ளைங்கதானே, உங்களுக்கென்ன கஷ்டம்?" என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள்!

பிள்ளைகளையே ஒருவர் நிரூபணத்தை இன்னொருவர் திருத்தச் சொல்லிப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? தப்பு நழுவாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? கல்லூரியில் படிக்கும் பழைய மாணவர்களை உதவிக்குக் கூப்பிடலாமா? வாட்ஸ்அப்புக்கு நேரம் வைத்தால் பெற்றோர் ஒத்துக்கொள்கிறார்களா? யோகா, தியானம் தவிர எதுவானாலும் சொல்லுங்கள்.