வலது கை 150, இடது கை 105: எந்த பிபியை நம்பறது?

செம்பூர் சொசைட்டி தமிழ்க் குழு, சனிக்கிழமை இரவு

சி விங் மாமி, 8:04
டாக்டர்மா, ஒரு சந்தேகம். எங்க அண்ணா பேத்தி, 23 வயசு. வலது கைல பிபி 150/90, இடது கைல 105/70. சிடி ஆஞ்சியோ ரிப்போர்ட்ல டகயாசு ஆர்ட்டரைட்டிஸ்னு போட்டிருக்கா. எந்த நம்பரை நம்பறது? மெஷின் கோளாறா?

டாக்டர் அக்கா, 8:09
மெஷின் கோளாறு இல்ல மாமி. அந்த வித்தியாசமே இந்த நோயோட அடையாளம். ரெண்டு கைக்கும் மேல் பிரஷர்ல 10க்கு மேல வித்தியாசம் இருக்கறதை 1990லயே அமெரிக்க ரூமட்டாலஜி டாக்டர்கள் வகுத்த விதிகள்ல சேத்துட்டாங்க. இங்க 45 இருக்கு. இப்போதைக்கு பெரிய நம்பர்தான் கணக்கு.

டாக்டர் அக்கா, 8:13
ஏன்னா, நம்ம பில்டிங் மாடித் தொட்டியை நினைச்சுக்குங்க. ஒரு வீட்டுக் குழாய்ல மட்டும் உப்பு படிஞ்சு அடைச்சிருந்தா அங்க தண்ணி நூலா வரும். அதைப் பாத்துட்டு தொட்டி காலின்னு சொல்லிட முடியுமா? இந்த நோய்ல நம்ம எதிர்ப்பு சக்தியே இதயத்துலேர்ந்து கிளம்புற பெரிய ரத்தக்குழாயையும் அதோட முதல் கிளைகளையும் தாக்குது. குழாய்ச் சுவர் வீங்கித் தடிச்சு உள்வழி குறுகிடும். சில இடத்துல சுவர் பலவீனமாகிப் புடைக்கவும் செய்யும். இடது கைக்குப் போற கிளை குறுகினா அந்தக் கைல 105தான் காட்டும். ஆனா மூளையும் சிறுநீரகமும் வாங்கறது 150.

டாக்டர் அக்கா, 8:14
இதை எழுதி வெச்சு நோய்க்குத் தன் பேரைத் தந்தவர் ஜப்பான்ல ஒரு கண் டாக்டர், மிகிதோ டகயாசு, 1908ல. 21 வயசுப் பொண்ணோட விழித்திரை ரத்தக்குழாய்ல இருந்த மாற்றத்தைப் பாத்துதான் எழுதினார். நாடியில்லா நோய்னு இன்னொரு பேரும் இருக்கு. பெரும்பாலும் 40 வயசுக்குள்ள இருக்கற பெண்களுக்கு வருது.

சி விங் மாமி, 8:17
அப்போ எப்பவும் வலது கைல பாத்தா போறுமா?

நர்ஸ் அக்கா, 8:21
அங்கதான் தப்பு நடக்குது மாமி. வலது கைக்குப் போற கிளையும் பின்னாடி குறுகலாம். அப்ப ரெண்டு கைலயும் 110தான் வரும், டாக்டர் பிபி மாத்திரையைக் குறைச்சிடுவார், உள்ள 190 ஓடிட்டிருக்கும். அதனால கால்லயும் சேத்துப் பாக்கணும்.
முறை இதுதான்: அரை மணி முன்னாடி காபி, டீ வேண்டாம். 5 நிமிஷம் மல்லாந்து அமைதியாப் படுக்கணும், பேசக் கூடாது. முதல்ல ரெண்டு கைலயும் எடுங்க. அப்புறம் படுத்தபடியே ரெண்டு கணுக்கால்லயும், கஃப் (பிபி மெஷின்ல சுத்தற பட்டை) கீழ் ஓரம் கணுக்கால் எலும்புக்கு ரெண்டு விரல் மேல இருக்கற மாதிரி சுத்தி எடுங்க. உக்காந்துக்கிட்டு கால்ல எடுத்தா அளவு பொய்யாக் கூடும். தொடைல எடுக்கறதுன்னா அகலமான கஃப் வேணும், கைக்குப் போடற கஃப் தொடைக்கு சின்னது, அதுவும் கூட்டித்தான் காட்டும்.
எந்தக் கை, எந்தக் கால்னு பக்கத்துலயே எழுதுங்க. "பிபி 120"ன்னு மொட்டையா எழுதினா ஒண்ணுக்கும் உதவாது.

டி விங் தம்பி, 8:24
அக்கா, கால்ல எவ்வளவு இருந்தா சரி?

டாக்டர் அக்கா, 8:28
ஆரோக்கியமானவங்களுக்குப் படுத்திருக்கும்போது கால்ல கையை விட 10, 20 கூடத்தான் இருக்கும். கைல அதிகமா இருந்து கால்ல ரொம்பக் கம்மின்னா வயித்துப் பக்கம் பெரிய குழாய் குறுகியிருக்கலாம். நம்ம நாட்டு நோயாளிகள்கிட்ட வயித்துக் குழாயும் சிறுநீரகக் குழாயும் பாதிக்கறது அதிகம், அதனாலதான் சின்ன வயசு பிபியாவே பலருக்கு முதல்ல தெரியுது. நாலு பக்கமும் அடைப்புன்னா வெளிய எங்க அளந்தும் பிரயோஜனமில்ல. ஆஞ்சியோ பண்ணும்போது உள்ளயே டியூப் விட்டு நிஜ அழுத்தத்தை அளந்து, எந்தக் கை அல்லது கால் அதுக்குக் கிட்ட வருதுன்னு குறிச்சு வெச்சுக்கணும்.
இன்னொண்ணு, ரெண்டு சிறுநீரகக் குழாயும் குறுகியிருந்தா டெல்மிசார்ட்டன், ராமிப்ரில் மாதிரி பிபி மாத்திரை, சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியேட்டினின் அளவை ஏத்திடும். ரிப்போர்ட்டைப் பாக்காம யாரும் எழுதித் தரக் கூடாது. ஆரம்பிச்சாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல கிரியேட்டினின், பொட்டாசியம் பாக்கணும்.

டி விங் தம்பி, 8:31
வீக்கத்தைக் காட்டற ரத்த டெஸ்ட் ஈஎஸ்ஆர், சிஆர்பி நார்மல்னா நோய் அடங்கிடுச்சுன்னு வெச்சுக்கலாமா?

டாக்டர் அக்கா, 8:35
வெச்சுக்க முடியாதுப்பா. ரத்தம் நார்மலா இருக்கும்போதே குழாய் உள்ள குறுகிட்டுப் போறது உண்டு. அதனால ஸ்கேன் படம், நாடி, பிபி, அறிகுறி நாலையும் சேத்துத்தான் முடிவு பண்றோம். துணி காயப்போடும்போது, தலை பின்னும்போது கை சீக்கிரம் ஓஞ்சு போகுதா, கழுத்து ஓரம் வலிக்குதா, தலை சுத்துதா, விட்டு விட்டுக் காய்ச்சலா, எடை குறையுதான்னு கேக்கணும். இதையெல்லாம் மதிப்பெண்ணாக் கூட்டற முறையை லக்னோவும் வேலூர் சிஎம்சியும் இருந்த இந்திய டாக்டர் குழுதான் உருவாக்கிச்சு, பேரு ஐடாஸ் 2010. திடீர்னு கை கால் வரலைன்னா, பேச்சு குழறினா, பார்வை போனா, நெஞ்சு வலிச்சா நேரா எமர்ஜென்சி.

மருந்துக்கடை அண்ணன், 8:40
மருந்துல ரெண்டு விஷயம், ரெண்டும் உயிர் விஷயம்.
ஸ்டீராய்டு: பிரெட்னிசோலோன் ஆரம்பத்துல பெரும்பாலும் நாளைக்கு 40லேர்ந்து 60 மில்லிகிராம் எழுதுவாங்க, காலைல சாப்பிட்டதும். முகம் உப்புதுன்னு நீங்களா நிறுத்தாதீங்க. உடம்பு தன்னோட சொந்த ஸ்டீராய்டு சுரக்கறதை நிறுத்தியிருக்கும், மயங்கி விழுந்துடுவாங்க. வாந்தியில மாத்திரை தங்கலைன்னா அன்னைக்கே ஊசி போட ஆஸ்பத்திரி போகணும்.
மெத்தோட்ரெக்ஸேட்: எதிர்ப்பு சக்தியை அடக்கற மருந்து, வாரத்துக்கு ஒரே நாள். தினமும் போட்டா எலும்பு மஜ்ஜை படுத்துடும். கிழமையை அட்டைலயே பேனாவால எழுதுங்க. அதோட எழுதித் தர்ற ஃபோலிக் ஆசிட் வேற நாள்ல. சிறுநீர்த் தொற்றுக்குன்னு வேற டாக்டர்கிட்ட போனா மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கறதை முதல்ல சொல்லுங்க. அந்தத் தொற்றுக்குத் தர்ற கோட்ரைமாக்சசோல் ஆன்டிபயாட்டிக் இதோட சேரவே கூடாது.

சி விங் மாமி, 8:43
அடுத்த வருஷம் கல்யாணம் பாத்துண்டிருக்கா. அதுக்கு ஏதாவது தடையா?

டாக்டர் அக்கா, 8:48
கல்யாணத்துக்குத் தடையே இல்ல மாமி. குழந்தைக்குத்தான் திட்டம் வேணும். மெத்தோட்ரெக்ஸேட், மைக்கோஃபினோலேட் ரெண்டும் கருவைப் பாதிக்கும். அதை முன்கூட்டியே நிறுத்தி அஸாதயோப்ரின் மாதிரி மருந்துக்கு மாத்தி, நோய் அடங்கினப்புறம்தான். மகப்பேறு டாக்டர் ஃபைலோட முதல் பக்கத்துல "பிபி வலது கையில் மட்டும்"னோ, எந்த இடம் சரியோ அதையோ பெருசா எழுதி ஒட்டச் சொல்லுங்க. செக்கப்ல அவசரத்துல இடது கைல போட்டுட்டு 100ன்னு எழுதிட்டா, பிரசவ நேரத்து பிபி யார் கண்ணுக்கும் படாமலே ஏறிடும். எனக்கு இந்த நோய்ல ரொம்பப் பயம் தர்ற தப்பு அதுதான்.
ஸ்டென்ட், பைபாஸ் பத்தி யாராவது அவசரப்படுத்தினா ஒண்ணு கேளுங்க, வீக்கம் அடங்கிடுச்சான்னு. நோய் கொதிச்சிட்டிருக்கும்போது வெச்சா மறுபடி அடைச்சுக்கற வாய்ப்பு அதிகம். உயிருக்கு ஆபத்துன்னா மட்டும்தான் விதிவிலக்கு.

நர்ஸ் அக்கா, 8:51
ஊறுகாய், அப்பளம், வடாம் குறைக்கணும். ஸ்டீராய்டும் உப்பும் சேந்தா பிபி இன்னும் ஏறும். எலும்புக்குக் கால்சியம், வைட்டமின் டி கேட்டு வாங்குங்க. எதிர்ப்பு சக்தியை அடக்கற பயாலஜிக் ஊசின்னு பேச்சு வந்தா அதுக்கு முன்னாடி டிபி டெஸ்ட் கட்டாயம்.

சி விங் மாமி, 8:54
எல்லாத்தையும் அண்ணாக்கு அனுப்பிட்டேன். தொடைக்குப் போடற அந்தப் பெரிய கஃப் எங்க கிடைக்கும்?

மருந்துக்கடை அண்ணன், 8:56
சர்ஜிக்கல் கடைல தை கஃப்னு கேக்கணும் மாமி. ஆனா வீட்டு டிஜிட்டல் மெஷின் எல்லாத்துக்கும் அது பொருந்தாது, தப்பான கஃப் மாட்டினா தப்பான நம்பர்தான் வரும். மெஷின் அடில மாடல் நம்பர் இருக்கும், போட்டோ எடுத்துப் போடுங்க. கஃப் கிடைக்கற வரைக்கும் சிஸ்டர் சொன்ன மாதிரி கணுக்கால்லயே எடுக்கச் சொல்லுங்க.