குடும்பக் குழு: விபிஎன் வாங்குறதுக்கு முன்னாடி

கலா அத்தை: பிரவுசிங் பிரைவசிக்கு காசு கட்டி ஒரு விபிஎன் எடுக்கலாம்னு இருக்கேன். எது நல்லது?

நித்யா: யார் கண்ணுல இருந்து மறைக்கணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க அத்தை. விபிஎன்ங்கிறது உங்க நெட் போக்குவரத்தைத் தன்னோட சர்வர் வழியா அனுப்புற சேவை. அதைப் போட்டா நீங்க எந்தத் தளத்துக்குப் போறீங்கன்னு இன்டர்நெட் கம்பெனிக்குத் தெரியாது, உங்க ஐபி முகவரி (நெட்ல உங்க இணைப்போட எண்) அந்தத் தளத்துக்குத் தெரியாது. ஆனா இன்டர்நெட் கம்பெனி பாத்துக்கிட்டிருந்ததை இனிமே விபிஎன் கம்பெனி பாக்கும். இலவச விபிஎன்னா அந்தச் செலவை எதை வித்து ஈடுகட்டுறாங்கன்னு யோசிங்க.

நித்யா: விளம்பரக்காரங்க பெரும்பாலும் குக்கி (தளம் உங்க பிரவுசர்ல போட்டு வைக்கிற சின்னக் குறிப்பு), ஸ்கிரிப்ட் (பக்கத்துல ஓடுற நிரல்) வழியாதான் பின்தொடர்றாங்க. வெறும் விபிஎன் அதைத் தடுக்காது. லாகின் பண்ணிட்டா எந்த ஐபில இருந்து வந்தாலும் நீங்கதான்னு தெரிஞ்சிடும்.

கலா அத்தை: அப்போ பிரவுசர்ல இருக்கிற இன்காக்னிட்டோ, அந்தத் தனி விண்டோ?

பிரபு: அதே கம்ப்யூட்டரைத் தொடுறவங்ககிட்ட இருந்து மட்டும்தான் மறைக்கும் அத்தை. எல்லா இன்காக்னிட்டோ விண்டோவையும் மூடினா ஹிஸ்டரியும் குக்கியும் போயிடும். டவுன்லோட் பண்ண ஃபைல் அப்படியே இருக்கும்.

நித்யா: நான் சொல்றது ஃபயர்பாக்ஸ் பிரவுசர், கூட யூபிளாக் ஆரிஜின்ங்கிற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோட சேக்கிற குட்டி நிரல்). ஃபயர்பாக்ஸ் செட்டிங்ஸ்ல பிரைவசி அண்ட் செக்யூரிட்டி போய் டிராக்கிங் புரொடெக்‌ஷனை 'ஸ்ட்ரிக்ட்'ல வைங்க. கீழேயே எச்டிடிபிஎஸ்-ஒன்லி மோடு (மறையாக்கம் செஞ்ச இணைப்பை மட்டும் பயன்படுத்துறது) இருக்கும், அதையும் ஆன் பண்ணுங்க. எக்ஸ்டென்ஷன் எடுக்கும்போது பேர்ல 'ஆரிஜின்' இருக்கணும், எழுதினவர் ரேமண்ட் ஹில். வெறும் 'யூபிளாக்'னு இருக்கிறது வேற ஆளுங்களோடது. ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸ்லயும் இது ஓடும்.

முரளி மாமா: குரோம்லயே போட்டுக்க முடியாதா நித்யா?

நித்யா: எக்ஸ்டென்ஷனுக்கான புது விதிமுறையான மேனிஃபெஸ்ட் வி3க்கு குரோம் மாறினதுல முழு யூபிளாக் ஆரிஜின் நின்னுபோச்சு மாமா. 'யூபிளாக் ஆரிஜின் லைட்'ங்கிற எளிய வடிவம் மட்டும் கிடைக்கும். வடிகட்டுற விதிகளை அது முன்கூட்டியே பிரவுசர்கிட்ட கொடுத்திடணும், பக்கம் அனுப்புற ஒவ்வொரு கோரிக்கையையும் தானே பாத்து முடிவெடுக்க முடியாது. விளம்பரம் பெரும்பாலும் போயிடும், நுணுக்கமான தடுப்புதான் குறையும். குரோமை விடவே முடியாதுன்னா லைட் போடுங்க, ஒண்ணுமே இல்லாததுக்கு எவ்வளவோ மேல்.

முரளி மாமா: கூட இன்னும் ரெண்டு மூணு பிளாக்கர் சேத்துக்கலாமா?

பிரபு: வேண்டாம் மாமா. ஒண்ணு தடுத்ததை இன்னொண்ணு திறந்துவிடும், பக்கம் உடைஞ்சா எதனாலன்னு கண்டுபிடிக்கவே முடியாது. ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் நீங்க திறக்கிற எல்லாப் பக்கத்தையும் படிக்க அனுமதி கேக்கும், அதுவே ஆபத்து. ஸ்கிரீன் அளவு, ஃபான்ட், டைம்ஸோன், கிராபிக்ஸ் கார்டு வரையுற விதம் எல்லாத்தையும் சேத்து குக்கியே இல்லாம உங்களை அடையாளம் பிடிக்கிற ஃபிங்கர்பிரின்டிங் வேற இருக்கு. உங்க செட்டப் எவ்வளவு விசித்திரமோ அவ்வளவு சுலபமா சிக்குவீங்க. இணைய உரிமை அமைப்பான இஎஃப்எஃப்போட 'கவர் யுவர் டிராக்ஸ்' பக்கத்துல சோதிச்சுப் பாக்கலாம்.

கலா அத்தை: டார் பிரவுசர்னு சொல்றாங்களே, அது?

பிரபு: அதுல எல்லாரும் ஒரே மாதிரி தெரியணும்ங்கிறதுதான் நோக்கம் அத்தை. அதனால எக்ஸ்டென்ஷன் சேக்கக் கூடாது. மூணு ரிலே (இடைப்பட்ட சர்வர்) தாண்டிப் போறதால மெதுவாதான் இருக்கும், நிறைய தளங்கள் கேப்ட்சா கேட்டு படுத்தும். நாம யாருன்னே தெரியக் கூடாத தேடலுக்கு மட்டும் வைங்க. பேங்க் வேலைக்கு அது வேண்டாம், சந்தேகப்பட்டு கணக்கைப் பூட்டிடலாம்.

முரளி மாமா: போன்ல பிரைவேட் டிஎன்எஸ் போட்டா நெட்டே வரலைங்கிறாங்களே, ஏன்?

நித்யா: தளத்தோட பேரை ஐபி எண்ணா மாத்துற கேள்வியை மறையாக்கி அனுப்புறதுதான் பிரைவேட் டிஎன்எஸ். நெட் வராததுக்கு ரெண்டு காரணம் மாமா. ஒண்ணு, ஹோஸ்ட்நேம் கட்டத்துல பேரைத் தப்பா போடுறது. 9.9.9.9 மாதிரி ஐபி அங்க செல்லாது. பேர்தான் போடணும்: குவாட்9ங்கிற டிஎன்எஸ் சேவைன்னா டிஎன்எஸ் புள்ளி குவாட்9 புள்ளி நெட், ஆங்கில எழுத்துல. ரெண்டாவது, லாகின் பக்கம் காட்டுற பொது வைஃபை. அங்க 'ஆட்டோமேட்டிக்'குக்கு மாத்தி, லாகின் ஆனதும் திரும்பப் போடுங்க. ஆண்ட்ராய்டு 9ல இருந்து இது இருக்கு. தளத்தோட பேரைக் கேக்கிற அந்தக் கேள்வியை மட்டும் மறைக்கும், விபிஎன்னுக்கு இது மாத்து இல்ல.

கலா அத்தை: ஸ்ட்ரிக்ட் போட்டதும் ஒரு தளத்துல பணம் கட்டுற பக்கம் வெள்ளையா நிக்குது நித்யா.

நித்யா: முகவரிப் பட்டைல இருக்கிற கேடயத்தைத் தொட்டு அந்தத் தளத்துக்கு மட்டும் ஆஃப் பண்ணுங்க அத்தை. அப்பவும் வரலைன்னா யூபிளாக் ஐகான்ல பெரிய பவர் பட்டனை அமுக்கி ரீலோட். ஒவ்வொண்ணா பண்ணுங்க, அப்பதான் எது தடுத்துச்சுன்னு தெரியும். ஸ்ட்ரிக்டை மொத்தமா எடுத்துடாதீங்க.