கடைமடைக் கணக்கும் பிடிஎஃப் இணைப்பும்

மன்னார்குடி உறுப்பினர்:

மேட்டூர் அணை திறந்த நாள் முதல் எங்கள் கடைமடை வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த நாள் வரை எழுதிவைக்கும் அளவுகளை, ஊர் விவசாயிகளுக்காக ஆண்டுதோறும் ஓர் அறிக்கையாகத் தொகுத்து வருகிறேன். அறிக்கையும் கணக்கு எழுதிய எக்செல் தாளும் தனித்தனியே பிரிந்துவிடக் கூடாது என்று, பைத்தான் நிரல்மொழியில் பிடிஎஃப் கோப்புகளைக் கையாள உதவும் பைபிடிஎஃப் என்ற நிரல் நூலகத்தில் உள்ள ‘ஆட் அட்டாச்மென்ட்’ என்ற செயற்கூற்றால் தாளைப் பிடிஎஃப்புக்குள்ளேயே வைத்தேன். கோப்பின் பெயரையும் அதன் உள்ளடக்கமான பைட்டுகளையும் கொடுத்தால் போதும்.

அனுப்பிய மாலையே, "கணக்கைக் காணோமே, தம்பி" என்று பெரியவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். இந்தச் செயற்கூறு கோப்பை ஆவணம் முழுமைக்கும் உரிய பட்டியலில் சேர்க்கிறதே தவிர, எந்தப் பக்கத்திலும் அதற்கு ஓர் அடையாளம் வைப்பதில்லை; அவர்கள் கைபேசியில் இருந்த செயலிகளோ பக்கங்களை மட்டுமே காட்டின. கணினியில், ஃபயர்ஃபாக்ஸின் பக்கப்பட்டையிலும் அக்ரோபேட் ரீடரின் இணைப்புப் பலகத்திலும் தாள் பத்திரமாக இருந்தது. பக்கத்தின் மேலேயே காகிதக் கவ்விப் படத்துடன் கோப்பை ஒட்டும் முறையும் உண்டு என்றாலும், அதையும் அந்தக் கைபேசிகளில் திறக்க முடியவில்லை. ஆகவே, உள்ளே எந்தத் தாள் இருக்கிறது, அதை எதில் திறக்க வேண்டும் என்பதை இப்போது முதல் பக்கத்திலேயே அச்சிடுகிறேன்.

இதைவிட வருத்தம் தந்தது வேறொன்று. நண்பர் ஒருவர் பக்கங்களின் அளவை மாற்றுவதற்காக அறிக்கையை ‘பிரின்ட் டு பிடிஎஃப்’ வழியாக மீண்டும் சேமித்து, எங்கள் மனுவுடன் அதிகாரியிடம் கொடுத்துவிட்டார். அச்சிடும்போது பக்கங்கள் மட்டுமே புதிய கோப்புக்குப் போகும் என்பதால் இணைப்பு அழிந்துபோயிற்று; தண்ணீர் எங்கள் வயலுக்கு எத்தனை நாள் தாமதமாக வந்தது என்று காட்டும் ஒரே சான்று இல்லாமலே மனு போய்ச் சேர்ந்தது.

கும்பகோணம் உறுப்பினர்:

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். வாய்க்கால் படங்களை ஒரே சிப் (zip) கோப்பாகக் கட்டி, அறிக்கையின் பிடிஎஃப்பில் இணைத்தேன். பாதுகாப்புக் காரணமாக அக்ரோபேட் ரீடர் அதைத் திறக்க மறுத்தது. படங்களைத் தனித்தனியாக இணைத்த பிறகே சரியாயிற்று. நெடுங்காலம் காக்க வேண்டிய ஆவணமானால் அதற்கென உள்ள பிடிஎஃப்/ஏ என்ற தரத்தின் வகையையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: அந்தத் தரத்தில் 2005இல் வந்த முதல் பகுதி இணைப்புக் கோப்புகளையே அனுமதிப்பதில்லை, 2012இல் வந்த மூன்றாம் பகுதியில்தான் எக்செல் உட்பட எவ்வகைக் கோப்பையும் உள்ளே வைக்கலாம்.