மறு: சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட்? இதற்கு என்ன பெயர்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு கட்டடம் ஓர் ஆண்டில் செலவழிக்கும் ஆற்றலை அதன் தரைப்பரப்பால் வகுத்தால் வரும் எண்ணுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு, குழுமத்தில் இதுவரை மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன. ‘ஆற்றல் அடர்த்தி’ வேண்டாம். அதைப் பேட்டரிக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். ‘ஆற்றல் தீவிரம்’ என்றால் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிடுவார்கள். எனக்கு உண்மையிலேயே சங்கடம் தருவது மூன்றாவதான ‘ஆற்றல் செயல்திறன் குறியீடு’. மத்திய அரசின் எரிசக்தி சிக்கனப் பணியகம் வணிகக் கட்டடங்களுக்கு நட்சத்திரத் தரம் கொடுக்கும்போது வழங்கும் ஆங்கிலப் பெயரின் நேர் மொழிபெயர்ப்பு அது. ஏன் சங்கடம் என்று ஒரு கணக்குப் போட்டே சொல்கிறேன்.

தங்கச்சிமடத்தில் எங்கள் வீடு 80 சதுர மீட்டர். இரண்டு மாத பில்லில் சராசரி 400 யூனிட், ஆண்டுக்கு 2,400. வகுத்தால் 30. அப்புறம்தான் அடுப்பு நினைவுக்கு வந்தது. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 180 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஆண்டுக்கு எட்டு சிலிண்டர், 1,440. ஆக மொத்தம் 48. (சமையல் வாயுவும் கணக்கில் சேருவதால் ‘மின்’ என்று தொடங்கும் பெயர்கள் எதுவும் பொருந்தாது.)

சரி, இதே கணக்கைக் கீழக்கரையில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டுக்குப் போட்டால்? குடும்பமே துபாயில், எண் மூன்றோ நான்கோதான் வரும். ஒற்றை அறையில் ஆறு பேர் இருக்கும் மீனவர் வீட்டுக்கோ எகிறிவிடும். திறன் என்று பெயர் வைத்தால் பூட்டிய வீடுதான் முதல் பரிசு வாங்கும். நியூயார்க் நகரம் 2009-இல் சட்டம் போட்டுப் பெரிய கட்டடங்களிடம் ஆண்டுதோறும் இந்தக் கணக்கைக் கேட்டது. 2019-இல் கட்டடங்களின் பசுங்குடில் வாயு உமிழ்வுக்கு உச்சவரம்பு வைத்தபோதுகூட, கட்டடம் எதற்குப் பயன்படுகிறது என்று பார்த்துத்தான் வரம்பைப் பிரித்தது. ராமேஸ்வரம் லாட்ஜையும் பள்ளிக்கூடத்தையும் ஒரே தராசில் வைக்க முடியுமா?

அதனால் பெயர் பாராட்டவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். எதை எதால் வகுத்தோம் என்று சொன்னால் போதும். என் பரிந்துரை: பரப்புவீத ஆற்றல் நுகர்வு. ‘ஆளுக்கு ரெண்டு வீதம்’ என்று மீன் பங்கு வைக்கிற ஊரில் வீதம் புதிய சொல் அல்ல.

யாழ்ப்பாண நண்பர் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கம் வீதம் என்றால் சதவீதம்; 48 என்று எழுதினால் நூற்றுக்கு நாற்பத்தெட்டா என்பீர்கள். ‘அலகுப் பரப்புக்கான ஆற்றல் நுகர்வு’ என்றால் அந்தக் குழப்பம் தீரும். ஆனால் அட்டவணைத் தலைப்பில் இடம் போதாது, எனக்கு நாக்கிலும் ஒட்டவில்லை. உங்களுக்கு எப்படி?